குக்ரியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள்

திருப்பாச்சேத்தி அருவாளைத் தீட்டிப் பழகிய கைக்கும் நேபாளத்து வளைகத்தியான குக்ரி புதிதுதான். அங்கே காமி கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் அடித்து நீட்டுகிறார்கள். பழுக்கக் காய்ச்சி, வாயில், அதாவது வெட்டும் விளிம்பில் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் வாயின் அகன்ற வயிற்றுப் பகுதிதான் நல்ல கெட்டி. முதுகும், நுனி மூக்கும், பிடியை ஒட்டிய இடமும் இளசு. அரத்தை வைத்துப் பாருங்கள்: வயிற்றில் வழுக்கும், மூக்கில் கவ்வும். அது குறையல்ல.

சக்கரத்தின் சூட்டில் வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று. இன்னொன்று, குக்ரியின் வாய் இருபுறமும் லேசாகப் புடைத்து வந்து கூராகும். சக்கரம் அந்தப் புடைப்பைத் தேய்த்து மெலிதாக்கிவிடும். அப்புறம் காய்ந்த சீமைக் கருவேலங்கணுவில் வாய் பெயர்ந்துவிடும்.

வீட்டிலேயே தீட்டலாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பலகையில் விரித்து ஒட்டி, அதன்மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து வையுங்கள். சுமார் 20 பாகை சாய்த்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர இழுக்க வேண்டும். வாயை முன்னே தள்ளினால் பேப்பர் கிழியும். அழுத்தம் வேண்டாம், ரப்பர் தானாக அமுங்கிப் புடைப்போடு ஒட்டிப்போகும். வளைவுக்குத் தக்கபடி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் நீளமெங்கும் பிசிறு விரலில் தட்டுப்பட்டால் பக்கம் மாற்றலாம். பிறகு 800, கடைசியில் 1500. பிசிறு போகத் தோல் வாரில் பத்து இழுப்பு. உறையோடு வரும் இரண்டு குட்டிக் கருவிகளில் கூரில்லாதது சக்மக். வேலைக்கு நடுவே மடங்கிய வாயை நிமிர்த்த அது போதும். கூருள்ளது கர்தா, சில்லறை வேலைக்கு.

உருவும்போது உறையை முதுகுப் பக்கமாகவே பிடியுங்கள். வாய்ப் பக்கம் விரல் சுற்றியிருந்தால், தையலைக் கிழித்து வரும் வாய் விரலையும் அறுக்கும்.

பல குக்ரிகளில் பிடியை ஒட்டியிருப்பது லாஹா என்ற அரக்குப் பசை. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டால் அது இளகிப் பிடி ஆடும். எருமைக்கொம்புப் பிடி காய்ந்து வெடிக்கும்; மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவுங்கள். இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெய், நல்லெண்ணெய் பிசுக்காகிவிடும். நாள்கணக்கில் உபயோகிக்காவிட்டால் தோலுறையில் வைக்க வேண்டாம், ஈரம் கோத்துத் துரு ஏறும். எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.