கவுண்டியில் இறப்புச் சான்றிதழ்: நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டார். அவருடைய அம்மா தவறி ஆறு வாரம் ஆகியிருந்தது. கையில் பன்னிரண்டு இறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன, ஊரில் உள்ள வங்கி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. "அண்ணே, கவுண்டில என்னமோ தப்புப் பண்ணிட்டாங்க" என்றார். கவுண்டி (அமெரிக்க மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு தப்பும் செய்யவில்லை. 2014-இல் என் அப்பாவுக்கு நான் செய்ததை இவரும் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் துக்கம் என்றால் சமையலுக்கு ஒருவரையும் காகித வேலைக்கு என்னையும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியா நடைமுறை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. கீழே தலைப்புகளில் இருப்பவை பெரும்பாலும் நம்மவர்கள் செய்யும் தப்புகள். தேதியைச் சரியாக எழுதுங்கள், காசோலையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

வீடு இருக்கும் கவுண்டிக்குப் போவது

இறந்தவர் எங்கே குடியிருந்தார் என்பது கணக்கில்லை, உயிர் எங்கே போனது என்பதுதான் கணக்கு. ஃப்ரீமாண்ட் அலமீடா கவுண்டியில் இருக்கிறது. ஆனால் ஃப்ரீமாண்ட்காரர் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் இறந்தால் பதிவு சான்டா கிளாரா கவுண்டியில்தான் இருக்கும். அலமீடாவில் வரிசையில் நின்று பயனில்லை.

கவுண்டிக்குள்ளேயும் பல இடங்களில் இரண்டு வாசல். புதிய பதிவுகள் பொதுச் சுகாதாரத் துறையிடம், பழையவை கிளார்க்-ரெக்கார்டர் என்ற ஆவணப் பதிவு அலுவலகத்தில். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தகவல் பிரதி வாங்கி ஏமாறுவது

கலிஃபோர்னியாவில் இரண்டு வகைப் பிரதிகள் உண்டு. ஒன்று உரிமையுள்ளவர்களுக்கு மட்டும் தருவது. மற்றது யார் கேட்டாலும் கிடைக்கும் தகவல் பிரதி. இது அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் முதல் வகைதான் வேண்டும்.

அதற்கு மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர், பேரப்பிள்ளைகள், வழக்கறிஞர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒருவர், பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பினால் அந்த உறுதிமொழிக்கு நோட்டரியும் வேண்டும். "நீங்க பாவம், நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பும் குடும்ப நண்பர் இங்கே உதவ முடியாது. நான்கூட விண்ணப்பத்தை நிரப்பித்தான் தருவேன், கையெழுத்து வீட்டாருடையது.

பெயர்

இதைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சான்றிதழில் இருக்கும் விவரங்களைக் கவுண்டி எழுதுவதில்லை. பெயர், பிறந்த தேதி, பெற்றோர், தொழில் இவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புவது ஃபியூனரல் ஹோம், அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனம். சாவுக்கான காரணத்தை மருத்துவர் எழுதுவார். எட்டு நாளுக்குள் பதிவாக வேண்டும். பதிவாகி அனுமதிச் சீட்டு வந்தால்தான் தகனம். நமக்கோ தகனத்தைத் தள்ளிப்போட மனசு வராது. அதனால் ஃபியூனரல் ஹோமிலிருந்து கூப்பிட்டவுடன், வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்க, கராஜுக்குள் போய் நின்றுகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

அப்பாவின் பெயர் சுப்பிரமணியன், தாத்தா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பட்டா, டெபாசிட், பென்ஷன் எல்லாவற்றிலும் ரா. சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் மட்டும் இனிஷியலை விரித்து, தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கி, சுப்பிரமணியன் ராமசாமி. போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் பட்டாவில் கடைசி எழுத்து 'எம்', பாஸ்போர்ட்டில் 'என்'. நான் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "வேறு ஏதாவது பெயர் உண்டா?" என்று ஃபியூனரல் ஹோம் பெண் கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்டது ஏ.கே.ஏ. என்ற கட்டத்துக்காக. 'ஆல்ஸோ நோன் ஆஸ்', அதாவது இன்னொரு பெயர் என்பதன் சுருக்கம். அந்த மூன்று எழுத்தைப் போலீஸ் அறிவிப்புகளில்தான் பார்த்திருக்கிறேன். என் அப்பாவுக்கு எதற்கு மறுபெயர், அவர் என்ன திருடனா என்றுகூடத் தோன்றியது.

சான்றிதழில் பெயருக்கு அடுத்ததாகவே இருக்கும் கட்டம் அது. ஒரு பைசா செலவில்லை. பட்டாவில் இருந்த பெயரை அன்றைக்கே அதில் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஊருக்குப் போனேன். வங்கி அதிகாரி சான்றிதழையும் டெபாசிட் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆள் சார்" என்றார். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கும் அதே பதில். திரும்பி வந்து வி.எஸ். 24 என்ற திருத்தப் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்திட்டு அனுப்பினோம். எனக்கு ஏழு மாதம் ஆனது.

திருத்தம் என்றால் பழைய பக்கத்தை மாற்றித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். கிடையாது. முதல் பக்கம் அப்படியே இருக்கும். திருத்தம் இரண்டாம் பக்கமாகச் சேரும். முன்பு வாங்கிய பிரதிகள் வீண். புதிதாக வாங்கி, மறுபடியும் அபோஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அதோடு சேர்க்கும் அரசுச் சான்று) போட்டு, மறுபடியும் விமானம் ஏறி அதே அதிகாரியிடம் கொடுத்தால், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். பக்கத்தைப் புரட்டிக் காட்டிய பிறகும், இரண்டு பேரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

இப்போது என்னைக் கூப்பிடுபவர்களிடம் முதலில் சொல்வது இதுதான். ஃபியூனரல் ஹோமிலிருந்து வரும் போனை நீங்கள் எடுப்பதற்கு முன் பாஸ்போர்ட், ஆதார், பான், பட்டா, பாஸ்புக், இங்கத்திய லைசென்ஸ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். எத்தனை விதமாகப் பெயர் இருக்கிறதோ அத்தனையையும் ஒரே தாளில் எழுதி, அந்தத் தாளை அனுப்புங்கள். போனில் சொல்லாதீர்கள். அம்மாக்கள் விஷயத்தில் இன்னும் கவனம்: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். அந்தத் தம்பியின் அம்மாவுக்கு நடந்தது இதுதான். டெபாசிட் பழைய இனிஷியலில் கிடக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ. என்று போட்டிருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கேட்பாரில்லாவிட்டால் அதுவே பெயராகச் சான்றிதழில் ஏறிவிடும். பதிவுக்கு அனுப்பும் முன் வரைவை மின்னஞ்சலில் கேளுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஆவணங்களைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். அரை மணி நேரம்தான் ஆகும்.

நகலெடுத்து நோட்டரியிடம் போவது

ஊர்ப் பழக்கம். கலிஃபோர்னியா நோட்டரிக்கு இறப்புச் சான்றிதழின் நகலைச் சான்றளிக்க அதிகாரமே கிடையாது.

அபோஸ்டிலுக்கு வாஷிங்டனுக்கு அனுப்புவது

அனுப்பாதீர்கள். இது மாநில ஆவணம். சாக்ரமெண்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகம்தான் அபோஸ்டில் தரும். 2005-இல் இந்தியாவும் அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, அதனால் அந்த ஒரு சான்று போதும். ஆனால் பலர் தடுக்கி விழும் படி ஒன்று நடுவில் இருக்கிறது. புதிய பதிவின் பிரதியில் கவுண்டிச் சுகாதார அதிகாரி கையெழுத்து இருந்தால், அந்தக் கையெழுத்தை முதலில் கவுண்டி கிளார்க் சான்றளிக்க வேண்டும். அது இல்லாமல் போனால் சாக்ரமெண்டோவிலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஸ்கேன் எடுக்க பின்னைப் பிரிப்பது

ஐயோ, வேண்டாம். அபோஸ்டில் தாளைச் சான்றிதழிலிருந்து ஒருமுறை பிரித்துவிட்டால் இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை. மடக்கிப் பிடித்து போனில் படம் எடுங்கள்.

காரணம் 'பெண்டிங்' என்று வந்தால்

சாவுக்கான காரணத்தை ஆராயும் கவுண்டி அதிகாரியான கொரோனரின் விசாரணையில் இருந்தால் அப்படித்தான், 'முடிவு நிலுவையில்' என்று வரும். இரண்டு பிரதி மட்டும் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் இறுதிக் காரணம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும். மீதியை அப்போது வாங்கினால் போதும்.

எத்தனை பிரதி?

ஒன்று இருபது டாலருக்கு மேல். அரசு ஓய்வூதியம் தரும் சோஷியல் செக்யூரிட்டிக்கு வழக்கமாக ஃபியூனரல் ஹோமே தகவல் கொடுத்துவிடும், அதற்கென்று வாங்க வேண்டாம். இங்கே ஐந்தாறு, ஊருக்கு மூன்று. அந்த மூன்றுக்கு மட்டும் அபோஸ்டில்.

அப்பாவுக்கு நான் முதலில் பதினைந்து வாங்கினேன். இரண்டாம் பக்கம் இல்லாத அந்தப் பழைய பிரதிகளில் ஒன்பது இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.