ஃபைபர் பூட்ட ஆள் வருமுன் இடத்தைக் குறித்து வையுங்கள்

ஃபைபர் இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவர் வாசலில் நின்று "ரவுட்டர் பெட்டியை எங்க வைக்கிறது?" என்று கேட்டபிறகு இடம் தேடினால், அது கேபிள் நுழையும் விறாந்தை மூலையிலேயே ஏறிவிடும். பிறகு பின்னறைக்கு வைஃபை எட்டாது. வீட்டின் நடுவில், ஆளுயரத்தில், பிளக் உள்ள சுவரை முதல்நாளே குறித்துவிடுங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு அலுமாரிக்கு மேலும் வேண்டாம்.

திருகோணமலையில் வெளிக் கேபிளுக்குக் காற்றும் மழையும்தான் எதிரி. தென்னோலையில் உரசினால் கச்சான் காற்றில் ஆடி ஆடியே தேயும். சுவர்த்துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கேபிளைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மாரித் தண்ணீர் உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மிச்ச இடைவெளியைச் சிலிக்கனால் அடைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருப்பது கண்ணாடி இழை. 3 சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக மடிக்காதீர்கள். முறியாவிட்டாலும் ஒளி அந்த மடிப்பில் கசியும். கிளிப்பை இறுக்கி அடித்தாலும் அதே கதைதான். ரவுட்டரில் செருகும் கேபிளின் பச்சை முனையின் நுனியில் விரல் படக்கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.

அவர் கிளம்புமுன் மீற்றரில் ஒளி அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (dBm, ஒளியின் வலிமையைக் காட்டும் அலகு) வரை நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு விட்டுவிட்டு அறுபடும், அப்படியே ஏற்காதீர்கள். பின்னொருநாள் முறைப்பாடு கொடுக்கும்போது இந்த எண் கைகொடுக்கும்.

ரவுட்டரில் பிஓஎன் (PON) என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவந்தால் ஒளி வரவில்லை. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பலனில்லை. பச்சை முனை சரியாகப் பொருந்தியிருக்கிறதா, எங்காவது மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கொம்பனிக்கு அழையுங்கள். விளக்குகள் சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால் முதலில் பில்லைப் பாருங்கள்.

ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தின் முகவரியும் முதல் பாஸ்வேர்ட்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். நுழைவு, வைஃபை இரண்டு பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள். வைஃபையில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும், 2.4 தூரம் போகும், அதில் 1, 6, 11 சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள்.

பின்னறைக்கு, வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீற்றரை விட, லான் (LAN) கேபிளில் பழைய ரவுட்டர் ஒன்றைப் பூட்டுவது நல்லது. அதன் முகவரியை 192.168.1.2 போல வேறாக்கி, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபியை (DHCP) நிறுத்தி, கேபிளை லான் துளையில் செருகுங்கள். வான் (WAN) துளையில் செருகினால் அது தனி வலையமைப்பாகிவிடும்.

இடி முழங்கத் தொடங்குமுன்னரே அடாப்டரையும் லான் கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, இவையிரண்டிலும் ஓடும்.