ஒரு கடிதம் எழுதிக்கொண்டே கணினிச் சொற்களைப் பழகுவோம்

கணினிச் சொற்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்கினால் நிற்காது. ஒரு வேலையோடு சேர்த்துப் பழகினால்தான் மனதில் பதியும். இரணைமடுக் குளத்திலிருந்து உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்கு முன் திருத்தித் தரும்படி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். சரி, தொடங்குவோம்.

படி 1: திறத்தல்

கணினிப் பெட்டியிலுள்ள பவர் பட்டனை அழுத்துங்கள். பெட்டி, திரை, விசைப்பலகை, மவுஸ் என்று கையால் தொடக்கூடியவை எல்லாம் வன்பொருள். அவற்றை வேலை வாங்கும் வின்டோஸ், கடிதம் எழுத உதவும் வேர்ட் போன்றவை மென்பொருள். திரையில் முதலில் தெரிவது டெஸ்க்டொப், அதிலுள்ள சின்னப் படங்கள் ஐகன்கள். வேர்ட் ஐகனில் மவுஸின் இடது பட்டனை இரண்டு தரம் விரைவாக அழுத்துங்கள்.

படி 2: தமிழில் தட்டச்சு

எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். எழுத்துரு என்பது எழுத்தின் தோற்றம் மட்டுமே. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கணினிக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கணினியில் அந்தக் குறிகளே தெரியும். உங்கள் கடிதத்தை அங்கே யாராலும் வாசிக்க முடியாது.

ஆகவே புதிதாகப் பழகுபவர்கள் யூனிகோடிலேயே தொடங்குங்கள். அதில் வ, ன போன்ற எழுத்துக்கும், புள்ளி போன்ற குறிக்கும் தனித்தனி எண் உண்டு; அந்த எண் உலகம் முழுவதும் ஒன்றே. வின்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். அப்புறம் வின்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

படி 3: சேமித்தல்

இதுதான் மிக முக்கியம். நீங்கள் எழுதுவது முதலில் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். வீதியில் காயவிட்ட நெல்லை மழை கொண்டுபோவது போல, கரண்ட் போனால் அதில் உள்ளதும் போய்விடும். ஹார்ட் டிஸ்கில் சேமித்தால் நிலைக்கும். இரண்டு வரி எழுதியதுமே கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி எஸ் விசையைத் தட்டுங்கள். பெயர் கேட்கும். ‘வாய்க்கால் கடிதம்’ என்று கொடுங்கள். இப்போது அது ஒரு கோப்பு. கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம் கோப்புறை. அதன் பிறகும் பத்தி முடியும்போதெல்லாம் அதே இரண்டு விசைகளையும் தட்டுங்கள்.

கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘வன்னி’ என்ற சொல்லுக்கு 15 பைட் தேவை: வ, ன, புள்ளி, ன, இகரக் குறி என ஐந்துக்கும் மூன்று மூன்று. 1024 பைட் ஒரு கிலோபைட், 1024 கிலோபைட் ஒரு மெகாபைட். ஒரு பக்கக் கடிதம் சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கும். உடைப்பைப் போனில் எடுத்த ஒரு படமே சில மெகாபைட் வரும்.

படி 4: அச்சிடக் கடைக்குக் கொண்டுபோதல்

வேர்டில் ‘சேவ் அஸ்’ கொடுத்துப் பிடிஎஃப் வகையைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்தும் பக்கமும் குலையாது. அந்தக் கோப்பைப் பென்ட்ரைவில் கொப்பி செய்து, ‘இஜெக்ட்’ கொடுத்த பின்பே கழற்றுங்கள். கடைக் கணினியில் பலருடைய பென்ட்ரைவ்கள் ஏறி இறங்கும், வைரஸும் அப்படித்தான் பரவும். வீட்டுக்கு வந்ததும் பென்ட்ரைவைத் திறக்க முதல் வைரஸ் தடுப்பு மென்பொருளால் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.