சிம்னி போட்டால் ஆர்சிசிபி விழுந்த கதை

சமையலறையில் புது சிம்னி மாட்டிய மறுநாளே தொல்லை. சிம்னியின் விளக்கு எரியும், மோட்டாரைப் போட்டதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் அந்த அளவுக்கு வேறுபட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடும். மோட்டாரில் எர்த் லீக் (கரண்ட் தரைக்குக் கசிவது) என்றார் சர்வீஸ்காரர். கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. புது ஆர்சிசிபி வாங்கிப் போட்டேன், அதுவும் விழுந்தது. நான்கு நாள் போச்சு.

ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கொடுத்தால் சிம்னி நன்றாக ஓடியது. அதே சிம்னி பிளக்கில் மிக்ஸியைச் சொருகினால், அதுவும் விழுந்தது. சரி, பிளக் பாயிண்டில்தான் கோளாறு.

அப்போதுதான் கவனித்தேன்: விழுந்தது ஒன்றல்ல, இரண்டு. பவர் லைனுக்கான ஆர்சிசிபியோடு லைட் லைனுக்கானதும் சேர்ந்தே விழுந்திருந்தது. நாங்கள் எப்போதும் முதல் நெம்பை மட்டும் பார்த்து, இரண்டையும் சேர்த்தே தூக்கிவிட்டுக்கொண்டிருந்தோம்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்து அந்த பிளக் பெட்டியைத் திறந்தால், ஃபேஸ் பவர் லைனிலிருந்து. நியூட்ரல் பக்கத்து லைட் சுவிட்ச் பெட்டியிலிருந்து! போன கரண்ட் ஒரு ஆர்சிசிபி வழியாக, திரும்பியது இன்னொன்று வழியாக. இரண்டுக்கும் அது லீக்தான். விளக்கு 2 வாட். சுமார் 10 மில்லி ஆம்பியர் என்பதால் தப்பித்தது.

ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் நியூட்ரல் தனியாக டிபி (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) வரை வர வேண்டும். பவர் லைனின் நியூட்ரலையே இழுத்துக் கொடுத்தார், அரை மணி நேர வேலை. பழைய ஆர்சிசிபி பரணில் கிடக்கிறது, நல்ல நிலையில்.