ஒரே ஒரு சூப்பர் பவுலுக்கு யாரைக் கூப்பிடுவது? குவார்ட்டர்பேக் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நாளைக்கு ஒரே ஒரு சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம். தோற்றால் மறுவாய்ப்பு கிடையாது. இதுவரை ஆடிய குவார்ட்டர்பேக்குகளில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒருவர் ஜோ மொன்டானா என்பார், இன்னொருவர் டாம் பிரேடி என்பார். கொஞ்சம் வயதானவர் இருந்தால் ஜானி யுனைட்டஸ், பார்ட் ஸ்டார் என்று ஆரம்பிப்பார். இளவட்டம் பேட்ரிக் மஹோம்ஸை விட்டுக் கொடுக்காது.

அருமையான கேள்விதான். ஆனால் பெரும்பாலும் பதில் வேறொரு கேள்விக்கு வந்துவிடுகிறது. ‘மொத்தத்தில் யார் பெரிய ஆள்’ என்று பார்க்க இருபது வருடக் கணக்கை எடுத்து வைக்க வேண்டும். ‘ஒரு ஆட்டத்துக்கு யார்’ என்றால், அன்றைக்கு வந்து நிற்பவர் எந்த வருடத்து ஆள், எதிரில் யார், எந்த விதிகளில் ஆட்டம் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்வதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் பிறக்கின்றன.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. தன் அணி பந்தோடு முன்னேறும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்குபவர் குவார்ட்டர்பேக். அவர் எறியலாம், பக்கத்தில் ஓட நிற்பவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். யோசிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடிதான். அதனால் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படுகின்றன. ஆனால் களத்தில் அவரோடு இன்னும் 10 பேர் இருக்கிறார்கள். பந்து எதிரணி கையில் இருக்கும்போது அவர் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

மோதிரக் கணக்கு

சூப்பர் பவுல் ஜெயித்தவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள். விவாதம் சூடானதும் எல்லோரும் எண்ண ஆரம்பிப்பது அதைத்தான். பிரேடி 10 சூப்பர் பவுல் ஆடி 7 ஜெயித்தார், 3 தோற்றார். மொன்டானா 4 ஆடி 4-ம் ஜெயித்தார். உடனே ஒரு கட்சி ‘ஏழு பெரிதா நாலு பெரிதா’ என்னும், இன்னொரு கட்சி ‘மொன்டானா தோற்றதே இல்லை’ என்னும்.

இந்த இரண்டாவது வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சூப்பர் பவுலில் மொன்டானா தோற்கவில்லை, சரி. அதற்கு முந்தைய சுற்றுகளில் தோற்றிருக்கிறார். 1985, 1986, 1987 என்று அடுத்தடுத்து மூன்று சீசன்களில் அவருடைய ஃபார்ட்டி நைனர்ஸ் பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. அந்த மூன்று ஆட்டங்களிலும் அவர் ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எறியவில்லை. 1986 சீசனில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 49-3 என்று தோற்றபோது, அடி வாங்கிப் பாதியிலேயே வெளியே போக வேண்டியிருந்தது. அடுத்த சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக கோச் பில் வால்ஷ் அவரை உட்கார வைத்துவிட்டு ஸ்டீவ் யங்கை இறக்கினார். இவையும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டங்கள்தானே? ஜனவரி ஆரம்பத்தில் தோற்றவருக்குக் கறை இல்லை, இறுதி ஆட்டம் வரைக்கும் அணியைக் கொண்டுபோய்த் தோற்றவருக்குக் கறை உண்டு என்பது என்ன நியாயம்? நான் மொன்டானாவின் பரம ரசிகன். இருந்தும் இந்த வாதத்தை எங்கே கேட்டாலும் மறுப்பேன்.

பிரேடியின் அடுத்தடுத்த இரண்டு சூப்பர் பவுல்களைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு எதிராக 505 யார்டு (எறிந்த பந்துகளால் அணி முன்னேறிய மொத்தத் தூரம்) எறிந்தார், 3 டச்டவுன், ஒரு பந்துகூட எதிரணியிடம் பிடிபடவில்லை. அவருடைய அணி பேட்ரியட்ஸ் 41-33 என்று தோற்றது. அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 262 யார்டு, டச்டவுன் பூஜ்யம், ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணியிடம் பிடிபட்ட பந்து). 13-3 என்று ஜெயித்தார்கள். மோதிரக் கணக்கின்படி இரண்டாவது நாள் பிரேடிதான் சிறந்தவர். ஆட்டத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதல் ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் தடுப்பு ஓட்டையாக இருந்தது, இரண்டாவதில் அதே தடுப்பு ராம்ஸை 3 புள்ளியில் நிறுத்தியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

டென்வரின் ஜான் எல்வே கதையும் இதுதான். முதல் மூன்று சூப்பர் பவுல்களில் 39-20, 42-10, 55-10 என்று உதை வாங்கினார். பெரிய ஆட்டத்துக்கு ஆகாதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1998 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸை ஜெயித்தபோது அவர் எறிந்தது வெறும் 123 யார்டு, டச்டவுன் பாஸ் எதுவுமில்லை. ஓட டெரல் டேவிஸ் இருந்தார்: 157 யார்டு, 3 டச்டவுன். 37 வயதில் எல்வேக்குத் திடீரென்று துணிச்சல் வந்துவிடவில்லை. அணி வந்தது.

பூஜ்யத்துக்குள் ஒளிந்திருப்பது

மொன்டானாவின் சூப்பர் பவுல் கணக்கு கண்ணைப் பறிக்கும்: 122 முறை எறிந்து 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்தே பலர் விவாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

1989 ஜனவரி 22, மயாமி. சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான ஆட்டம். நான்காவது கால்பகுதி ஆரம்பத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் 13-6 என்று பின்தங்கியிருக்கிறது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அருகில் வந்து மொன்டானா எறிந்த பந்து நேராக பெங்கால்ஸ் வீரர் லூயிஸ் பில்லப்ஸ் கைக்குப் போகிறது. கையில் பட்டு நழுவிக் கீழே விழுகிறது. அடுத்த நகர்விலேயே ஜெர்ரி ரைஸுக்கு 14 யார்டு டச்டவுன், ஆட்டம் 13-13. பிறகு பெங்கால்ஸ் ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுப்பது, 3 புள்ளி) அடித்து 16-13 என்று முந்துகிறது. மூன்று நிமிடம் பத்து வினாடி பாக்கி. தன் அணியின் 8 யார்டு கோட்டிலிருந்து மொன்டானா 92 யார்டு நகர்த்திக்கொண்டு போய், 34 வினாடி இருக்கும்போது ஜான் டெய்லருக்கு எறிகிறார். 20-16.

அந்தக் கடைசி 92 யார்டை எல்லோருக்கும் தெரியும். பில்லப்ஸ் கைநழுவ விட்டது பாதிப் பேருக்கு நினைவில்லை. அது பிடிபட்டிருந்தால் பூஜ்யமும் போயிருக்கும், நாலுக்கு நாலும் போயிருக்கலாம். இதனால் மொன்டானா சிறியவர் ஆகிவிடவில்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு விரல் நழுவல் எவ்வளவு பெரிது என்பதைத்தான் நாம் கணக்கில் சேர்க்க மறக்கிறோம்.

2017 பிப்ரவரியில் அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் 28-3 என்று பின்தங்கியிருந்து பிரேடி மீண்டு வந்தாரே, அதுவும் இப்படித்தான். 466 யார்டு அவருடையது. ஆனால் பேட்ரியட்ஸ் தடுப்பாளர் ஹைடவர், ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் மேட் ரயனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிடாமல் இருந்தால், இன்னொரு ஃபீல்டு கோல் அடிக்கும் தூரத்தில் இருந்த ஃபால்கன்ஸ் பின்னால் தள்ளப்படாமல் இருந்தால், அந்தக் கதை எழுதப்பட்டிருக்காது. கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெயித்தது பேட்ரியட்ஸ். முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்ததால் ஃபால்கன்ஸ் கைக்குப் பந்து வரவே இல்லை. அப்போதைய விதி அப்படி. பிளேஆஃபில் அந்த விதியைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.

எந்த விதியில் ஆட்டம்?

காலம் தாண்டி எண்களை ஒப்பிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 1978-ல் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. பந்தைப் பிடிக்க ஓடுபவரை 5 யார்டுக்கு அப்பால் இடிக்கவோ பிடித்து நிறுத்தவோ கூடாது என்றார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசை வீரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றார்கள். எறிவது ஒரே அடியில் சுலபமானது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் டெரி பிராட்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஜனவரியில் அவர் முதல் சூப்பர் பவுலை ஜெயித்தபோது மொத்தம் 96 யார்டுதான் எறிந்தார். ஃப்ராங்கோ ஹாரிஸ் 158 யார்டு ஓடினார், தடுப்பாளர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். அதே பிராட்ஷா விதி மாறிய சீசனின் இறுதியில், 1979 ஜனவரியில், டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக 318 யார்டு, 4 டச்டவுன். மனிதர் ஒருவர்தான்.

ஆகவே 1958 இறுதி ஆட்டத்தில் யுனைட்டஸ் யாங்கி ஸ்டேடியத்தில் எறிந்த 349 யார்டை இன்றைய 349-ஆக நினைக்கக் கூடாது. எந்த நகர்வு ஆட வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது. இப்போது கோச்சின் குரல் ஹெல்மெட்டுக்குள் கேட்கிறது. பார்ட் ஸ்டாரும் அப்படித்தான். 1967 டிசம்பர் 31, கிரீன் பே, மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். 16 வினாடி பாக்கி, கோட்டுக்கு இரண்டடி தூரம், மூன்று புள்ளி பின்னால். தரை பனிக்கட்டியாகி ஓடுபவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். நானே கொண்டுபோகிறேன் என்று ஸ்டார் தீர்மானித்துப் புகுந்தார். 21-17. இன்றைய குவார்ட்டர்பேக் ஒருவரை அந்த ஆட்டத்துக்கு அனுப்பினால் அந்த முடிவை யார் எடுப்பார் என்று யோசிக்க வேண்டும்.

சூப்பர் பவுல் 1967-ல்தான் ஆரம்பித்தது என்பதால் அதற்கு முந்தையவர்கள் பட்டியலிலேயே வருவதில்லை. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் ஓட்டோ கிரஹாம் 10 சீசன் ஆடினார், 10 சீசனும் இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுபோனார், 7 ஜெயித்தார். 1954 இறுதி ஆட்டத்தில் டெட்ராய்ட்டை 56-10 என்று நொறுக்கினார்கள். அவர் பெயரே இல்லாமல் இந்த விவாதம் நடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எதிரில் யார்?

2007 சீசனில் பிரேடி 50 டச்டவுன் எறிந்தார், பேட்ரியட்ஸ் 18 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் முன்வரிசை அவரை 5 முறை வீழ்த்தியது. 14 புள்ளிதான் எடுக்க முடிந்தது, 17-14 தோல்வி. மஹோம்ஸ் மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் கூடுதல் ஆள் அனுப்பாமலே அவரை 6 முறை வீழ்த்தியது, பாதி ஆட்டத்தில் 24-0. 2021-ல் பிரேடி ஆடிய தம்பா அணியிடம் தோற்றபோது அவரைக் காக்க வேண்டிய இரண்டு பக்கத்து முதல்நிலை டாக்கிள்களும் (வரிசையின் ஓரத்தில் நிற்பவர்கள்) காயத்தால் ஆடவில்லை. முன்னால் சுவர் இல்லாவிட்டால் எந்த மேதையும் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் ‘யாரைக் கூப்பிடுவீர்கள்’ என்று யாராவது கேட்டால் முதலில் ‘எனக்கு எந்த வரிசை தருவீர்கள்’ என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

எந்த வருடத்து ஆள்?

பெயரைச் சொல்லிவிட்டு வருடத்தைச் சொல்லாமல் விடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பெய்ட்டன் மேனிங் என்றால் எந்த மேனிங்? 2013-ல் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்தவர் இறுதி ஆட்டத்தில் சியாட்டிலிடம் 43-8 என்று தோற்றார். இரண்டு வருடம் கழித்து, கை ஓய்ந்துபோன மேனிங் 141 யார்டு மட்டும் எறிந்து கோப்பையோடு ஓய்வு பெற்றார். மயாமியின் டான் மரினோ 1984-ல் 48 டச்டவுன், 5,084 யார்டு என்று அதுவரை யாரும் பார்க்காததைச் செய்தார். அந்த வருடம் இறுதியில் மொன்டானாவிடம் 38-16 தோல்வி. அதற்குப் பிறகு அவர் சூப்பர் பவுல் பக்கமே வரவில்லை. அந்த ஒரே இரவை வைத்து மரினோவை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு நாள் சாதனையை மட்டும் பார்ப்பதும் ஆபத்துதான். அப்படிப் பார்த்தால் பிரேடி 505 யார்டு எறிந்த அன்று அவரையே ஜெயித்த ஈகிள்ஸின் நிக் ஃபோல்ஸையும், ஒரே கால்பகுதியில் 4 டச்டவுன் எறிந்த டக் வில்லியம்ஸையும் முதலில் கூப்பிட வேண்டியிருக்கும்.

சரி, என் தேர்வு. வருடத்தை நானே சொல்லலாம் என்றால், 1989 சீசனின் மொன்டானா. அந்த பிளேஆஃபில் மூன்று ஆட்டம்: 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. ஃபார்ட்டி நைனர்ஸ் எடுத்தது 126 புள்ளி, கொடுத்தது 26. டென்வரை 55-10 என்று ஜெயித்த இறுதி ஆட்டத்தில் மட்டும் 5 டச்டவுன். அந்த மூன்று வாரம் எறிந்த மாதிரி வேறு யாரும் எறிந்து நான் பார்த்ததில்லை.

வருடத்தைச் சொல்ல முடியாது, எந்த வயதில் வந்து நின்றாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால், பிரேடி. 24 வயதில், முதன்முதலாகப் பொறுப்பேற்ற சீசனில், ராம்ஸுக்கு எதிராக ஆட்டம் சமநிலையில் நின்றது. ஒரு நிமிடம் 21 வினாடி பாக்கி, டைம்-அவுட் ஒன்றுகூட இல்லை. கூடுதல் நேரத்துக்குப் போவதே நல்லது என்று வர்ணனையில் ஜான் மேடன் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேடி பதறாமல் சின்னச் சின்ன பாஸாகப் போட்டு முன்னேற, பந்தை உதைப்பவரான வினாட்டியேரி 48 யார்டிலிருந்து உதைத்து முடித்தார். 43 வயதில், வேறு அணி, வேறு கோச், தம்பாவில் முதல் சீசன்: 3 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை, 31-9. அன்றைக்கு எதிரணியில் இருந்தவர் மஹோம்ஸ்.