மூணாறிலிருந்து புரோமோ எரிமலைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

மூணாறில் வளர்ந்தவர்களுக்கு மலையும் குளிரும் புதிதல்ல. ராஜமலையில் வரையாடு நம்மைக் கண்டு ஓடாமல் மேயும். ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். இந்தப் பழக்கம் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நம் ஆனைமுடி சிகரம் வெறும் பாறை. ஜாவாத் தீவில், புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்காவில் இருக்கும் புரோமோ (2,329 மீட்டர்) இன்றும் புகை விட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் படி: மலையின் நிலையைப் பாருங்கள்

விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பழகிக்கொள்ளுங்கள். இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலைகளில் ஒன்றை அறிவிக்கிறது: நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். 'மக்மா இந்தோனேசியா' செயலியில் அதைப் பார்க்கலாம். பொதுவாக, இரண்டாம் நிலையான வஸ்படாவில் எரிவாயிலிருந்து (புகை வரும் எரிமலை வாயிலிருந்து) ஒரு கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்பார்கள். அப்போதும் எதிர் மலையில் நின்று காட்சியை முழுதாகப் பார்க்க முடியும். மூன்று, நான்கு என்றால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். கிளம்பும் வாரத்திலும், போகிற நாள் விடியலிலும் மறுபடி பாருங்கள். 2004 ஜூனில் புரோமோ திடீரென்று வெடித்தபோது இரண்டு பேர் இறந்தார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியதில் 70 பேரை இழந்தோம். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள், தப்பிக்க வழியே இல்லை. நாமோ ஊர் பார்க்கப் போகிறவர்கள். 'போகாதே' என்ற சொல் முன்கூட்டியே நம் கைக்கு வருகிறது. அதை மதியுங்கள்.

இரண்டாம் படி: ஏற்பாடுகள்

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. கொச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சுரபாயா, பிறகு மூன்று நான்கு மணி நேரம் சாலையில் செமோரோ லாவாங் கிராமம். இந்தியர்களுக்கு இறங்கிய இடத்திலேயே 30 நாள் விசா கிடைக்கும். பூங்கா நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். அங்கே வாழும் தெங்கர் மக்களின் கசடா திருவிழா நாட்களில் சுற்றுலாவுக்குப் பூங்காவை மூடுவதுண்டு. தேதி குறிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, டார்ச், தண்ணீர், என்95 முகக்கவசம், கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். சாம்பல் உள்ளே போனால் கருவிழி கீறிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் எரிவாய் வரை ஏறவே வேண்டாம்.

மூன்றாம் படி: பெனஞ்சாக்கானில் விடியல்

புரோமோவுக்கு எதிரே இருக்கும் இந்த மலைக்கு இருட்டிலேயே ஜீப்பில் கிளம்பி வருவார்கள். உயரம் 2,770 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர்தான், அதாவது தென்னிந்தியாவின் உச்சியைவிட உயரத்தில் நிற்கிறீர்கள். ஜூலை, ஆகஸ்டில் கை விறைத்துப் போகும். வெளிச்சம் வந்ததும் கீழே பஞ்சுபோல் பனிமூட்டம், நடுவில் புகையும் புரோமோ, பின்னால் ஜாவாவிலேயே உயர்ந்த செமேரு (3,676 மீட்டர்). மேருமலையின் பெயர்தான் அது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: மணல்கடல், பிறகு எரிவாய்

ஜீப் உங்களை ஒரு பெரிய பழைய எரிமலைக் குழிக்குள் இறக்கிவிடும். தரை முழுக்கச் சாம்பல் மணல். அங்கிருந்து நடை, கடைசியில் ஏறத்தாழ 250 படிகள். படியில் மணல் படிந்திருப்பதால் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும்; கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் முதலில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், கந்தக வாயுவைத் தடுக்காது. தொண்டை எரிந்தாலோ மூச்சு இறுகினாலோ படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே இறங்குங்கள். கனமான வாயு பள்ளங்களில் தேங்கும். தாழ்வான குழிகளில் உட்காராதீர்கள். தடுப்புக் கம்பி கொஞ்ச தூரம்தான் இருக்கிறது. அதைத் தாண்டி விளிம்பில் நடக்க வேண்டாம். கசடாவில் தெங்கர் மக்கள் காய்கறி, கோழி, ஆடு ஆகியவற்றை எரிவாய்க்குள் காணிக்கையாகப் போடுவார்கள். அது அவர்களுடைய வழிபாடு. அதைப் பார்த்து நீங்கள் சரிவில் இறங்காதீர்கள்.

தீக்குச்சி, பட்டாசு எதையும் கொண்டுபோகாதீர்கள். 2023 செப்டம்பரில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கக் கொளுத்திய வாணத்தால் இந்தப் பூங்காவின் புல்மேடுகள் எரிந்துபோயின. நம் ராஜமலைப் புல்வெளியை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் படி: இறங்கிய பிறகு

அடிவாரத்தில் மணல் நடுவே பூரா லுஹூர் போத்தென் என்ற இந்துக் கோயில் இருக்கிறது. புரோமோ என்ற பெயரே பிரம்மாவிலிருந்து வந்தது. பூஜை நடந்தால் வெளியே நின்று கும்பிடுங்கள். அறைக்கு வந்ததும் கண்ணைத் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவி, துணிகளை வெளியிலேயே உதறிவிட்டு உள்ளே போங்கள். இருமல் மறுநாளும் விடாவிட்டால் சுரபாயாவிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.