முதியோர் இல்லத்தில் எடை குறைகிறதா? மிச்சத் தட்டைப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, ஒரே எடைக் கருவியில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். 50 கிலோ இருப்பவர் ஒரு மாதத்தில் 2.5 கிலோவோ ஆறு மாதத்தில் 5 கிலோவோ குறைந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடவே கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வீக்கம் இருந்தால் தேங்கிய நீர் இளைப்பை மறைத்துவிடும். அவர்களுக்கு வளையல், ஜாக்கெட் தளர்வதையும் கவனியுங்கள்.

மிச்சம் வைத்த தட்டு நிறையச் சொல்லும். சப்பாத்தியை ஒதுக்கிவிட்டுக் குருமாவை மட்டும் வழித்திருந்தால் பல்செட் ஆடுகிறதா, வாய்ப்புண்ணா என்று பாருங்கள். சாப்பிடும்போது இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால், விழுங்குவதில் சிக்கல். கட்டாயப்படுத்தி ஊட்டுவது ஆபத்து. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்சின் போன்ற மருந்துகள் பசியைக் கெடுக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சோற்றின் அளவைக் கூட்டினால் தட்டைப் பார்த்தே மலைத்துவிடுவார்கள். அதே ஒரு கிண்ணக் கஞ்சியில் 2 மேசைக்கரண்டி பால் பவுடர், 1 தேக்கரண்டி நெய் கலந்தால் ஏறத்தாழ 120 கலோரி கூடும். சிறுநீரக நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள். இரவுச் சாப்பாடு 6.30க்கே முடிகிற இல்லங்களில், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் அவசியம்.